ஊருக்கெல்லாம் உறவுக்காரர்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய மாணவ மாணவியர் பின்வரிசையில் உட்கார்ந்து 'இவர் எப்ப முடிப்பாரு, எப்ப சாப்பாடு' என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "இந்தத் தடவை டெக்னிக்கலா எதுவும் வேணாம் தம்பி. நம்ம பக்கத்துல வாழ்ந்து மறைஞ்ச ஒரு பெரியவரைப் பத்திப் பேசு. உன் சொந்தக்காரரா இருந்தாலும் சரி" என்றார். யோசித்துப் பார்த்தேன். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு பெரியவர் இருப்பார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் அவர்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ளை?" என்று ஆரம்பித்து, இறங்குவதற்குள் ஏதாவது ஒரு வழியில் உறவு கண்டுபிடித்துவிடுவார். அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகுதான், முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பங்காளிகளை ஒரே பந்தியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தவர் அவர் என்பது தெரியும்.

ஒரு குடும்பத்துக்கு மட்டும் இல்லாமல் காவிரிப் படுகைக்கே அப்படி ஒரு பெரியவராக இருந்தவரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். அவர்தான் இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார். எனக்கு ரத்த சொந்தம் கிடையாது. அவரோடு பேசிப் பழகியவன் என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் நம் பக்கத்து விவசாயிகள் அவரைப் பற்றிப் பேசும்போது கவனித்துப் பாருங்கள். பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அய்யா' என்பார்கள். பட்டம், பதவி எதுவும் சேர்க்க மாட்டார்கள். வீட்டுப் பெரியவரைச் சொல்கிற மாதிரியே சொல்வார்கள். ஒரு விஞ்ஞானி எப்படி உறவுக்காரர் ஆனார் என்பதுதான் என் பேச்சின் பொருள்.

1938 ஏப்ரல் 6-ஆம் தேதி, திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே இளங்காடு கிராமத்தில் பிறந்தவர் அவர். வைணவக் குடும்பங்களில் ஆழ்வார் பெயரை வைப்பது வழக்கம். ஆனால் இந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். 'நம்ம ஆழ்வார்'. பெயரிலேயே 'நம்ம' வந்துவிட்டது. உறவு கொண்டாட அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் பெற்று, 1963-இல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம்மைப் போலவே படித்து, நம்மைப் போலவே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். அங்கே பருத்திக்கும் சிறுதானியங்களுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எவ்வளவு உரம் போட வேண்டும் என்று சோதனை நடந்துகொண்டிருந்தது. அது கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி. ஆற்றுத் தண்ணீர் பாயும் நம் ஊர் மாதிரி கிடையாது. மழை பொய்த்தால் விதைத்த விதையும் போச்சு, கடன் வாங்கிப் போட்ட உரமும் போச்சு. அப்படிப்பட்ட விவசாயிக்கு விலை அதிகமான விதையையும் உரத்தையும் சிபாரிசு செய்வதில் அர்த்தமில்லை, ஆராய்ச்சியின் போக்கையே மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். கூட இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1969-இல் வேலையை விட்டு வெளியே வந்தார்.

மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1969-இல் அரசாங்க வேலையை விடுவது என்றால் சாதாரணம் இல்லை. இன்றைக்கு ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போகிறோமே, அந்த மாதிரி கிடையாது. பெண் வீட்டார் ஜாதகத்துக்கு முன்னால் உத்தியோகத்தைக் கேட்ட காலம் அது. அவர் போன இடம், திருநெல்வேலிச் சீமையில் களக்காடு. அமைதிக்கான நோபல் பரிசை 1958-இல் பெற்ற பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' என்ற தொண்டு நிறுவனத்தில் சுமார் பத்து ஆண்டுகள் வேளாண் வல்லுநராக இருந்தார். அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு விவசாயி வெளியிலிருந்து எவ்வளவு குறைவாக வாங்குகிறாரோ அவ்வளவு நிமிர்ந்து நிற்கிறார். வயலுக்கு வேண்டியது வயலிலிருந்தே வர வேண்டும். குப்பை என்று நாம் ஒதுக்குவது அந்த மண்ணுக்குச் சாப்பாடு.

பிறகு நண்பர்களோடு சேர்ந்து கிராமங்களில் வேலை செய்த அமைப்புக்குப் பெயர் என்ன தெரியுமா? 'குடும்பம்'. புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் வறண்ட நிலத்தில் உருவான பண்ணைக்குப் பெயர் 'கொழுஞ்சி'. நம் ஊரில் வரப்போரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் செடி. மடக்கி உழுதால் நல்ல தழையுரம். யாரும் திரும்பிப் பார்க்காத செடியின் பெயரைப் பண்ணைக்கு வைத்தார்கள் என்பதிலேயே அவர்களுடைய மனசு தெரிகிறது.

இனி அவர் பழகிய விதத்துக்கு வருகிறேன். அவருடைய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தாடி, தலையில் பச்சைத் தலைப்பாகை, சட்டை கிடையாது, தோளில் ஒரு துண்டு. இது ஏதோ சாமியார் வேஷம் என்று சிலர் நினைப்பார்கள். நம் டெல்டாக்காரர்களுக்கு அது வேறு மாதிரி தெரியும். நடவு வயலில் நாற்றுமுடி தூக்கிப் போடுகிற ஆளின் உடுப்பு அது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் 'தஞ்சாவூர்த் திண்ணை' என்று பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அந்தத் திண்ணை எல்லோருக்கும் திண்ணையாக இருந்ததில்லை. வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் பலர் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில், கூலிப் பிரச்சினை முற்றிய சமயத்தில், 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அது இதே நெல் விளையும் பூமியில் நடந்தது. ஆகவே நம் பக்கத்தில் ஒருவர் எல்லாத் தெருவுக்கும் உறவுக்காரர் ஆவது லேசான காரியம் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறவனைப் போல ஒருவர் வந்து உட்கார்ந்தால், எந்தத் தெருவிலும் அவருக்கு ஒரு பாய் கிடைக்கும். அவருடைய உடுப்பை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நான் சிவில் படித்தவன். மண் பரிசோதனை அறிக்கை பார்ப்பது என் அன்றாட வேலை. நாம் மண்ணிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்போம்: "எவ்வளவு பாரம் தாங்குவாய்?" அதற்கு ஒரு எண் வந்துவிட்டால் அந்த மண்ணோடு நமக்கு வேறு பேச்சு இல்லை. நம்மாழ்வார் மண்ணிடம் கேட்ட கேள்வி வேறு: "சாப்பிட்டாயா?" மண்ணில் இலை தழை மக்க வேண்டும், மண்புழு இருக்க வேண்டும், நுண்ணுயிர் இருக்க வேண்டும். அதற்கு நாம் சாப்பாடு போட்டால் அது பயிருக்குச் சாப்பாடு போடும். பல தானியங்களை ஒன்றாகக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழச் சொன்னார். பயறு வகை, எண்ணெய் வித்து, தானியம், தழையுரச் செடி எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றின் வேரும் ஒவ்வொரு ஆழத்துக்குப் போகும். பயறு வகை காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். இதெல்லாம் வேளாண் கல்லூரிப் பாடத்தில் உள்ள அறிவியல்தான். அவர் அதை வீட்டுப் பேச்சாக மாற்றிச் சொன்னார். கூட்டத்தில் உட்கார்ந்த பாட்டிக்கும் புரிந்தது.

இந்த மாதிரிப் பேச்சு எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதற்குச் சோதனை 2004 டிசம்பர் 26-இல் வந்தது. சுனாமியில் நாகப்பட்டினம் கடலோரத்தில் உயிர்ச்சேதம் எவ்வளவு என்பது நாடறிந்த விஷயம். வயல்களுக்கு நடந்தது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. கடல் தண்ணீர் ஏறி, உப்பும் சேறும் படிந்து நின்றது. இனி பல வருஷத்துக்கு ஒன்றும் விளையாது என்ற பேச்சுதான் எங்கும். இழப்பீடு வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு.

நம்மாழ்வாரும் இயற்கை உழவர்களும் அங்கே போய்த் தங்கினார்கள். கடல் சேற்றை வழித்தெடுத்தார்கள். இலை தழையை மண்ணில் சேர்த்தார்கள். உப்பைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டை விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதார்கள். இதன் கணக்கு என்னவென்றால், உப்பிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும், தண்ணீர் கீழே இறங்காது. தழை மக்கும்போது மண் பொலபொலவென்று ஆகும், தண்ணீர் இறங்க வழி கிடைக்கும். மழை பெய்தால் உப்பு கரைந்து வேருக்குக் கீழே போய்விடும். 2005 வடகிழக்குப் பருவமழையும் நன்றாகக் கொட்டி உதவியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். உப்பு தாங்கும் பழைய நெல் ரகங்கள் கடலோரத்து ஜனங்களின் நினைவில் இருந்தன. நிலம் திரும்பி வந்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது தக்கைப்பூண்டு இல்லைங்க. நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருந்த ஒருவரை மறுபடி மண்வெட்டியைத் தூக்க வைத்தது. அது சுற்றறிக்கையால் நடக்காது. துக்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரர், மூன்றாம் நாள் "எழுந்திரு, குளிச்சிட்டு ரெண்டு வாய் சாப்பிடு" என்று சொல்வாரே, அதே குரல்தான் அங்கே வேலை செய்தது.

இன்னொரு சம்பவம். 2003-இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை ஒரு விழிப்புணர்வு நடைபயணம் நடந்தது. நம்மாழ்வாரோடு நடந்தவர்களில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். நுகர்வோர் இயக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜெயராமன். வழியில் விவசாயிகள் தாங்கள் வைத்திருந்த பாரம்பரிய நெல் விதைகளைக் காட்டினார்கள், கொடுத்தார்கள். அதில் ஒன்று காட்டுயானம். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், வெள்ளம் தாங்கும். அந்த நடைபயணத்தில் கையில் வந்த விதைகள்தான் ஜெயராமனை 'நெல்' ஜெயராமன் ஆக்கின. 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான், கிச்சிலிச் சம்பா, கருப்புக் கவுனி என்று 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் திரட்டினார். 2018 டிசம்பர் 6-இல், ஐம்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், புற்றுநோயால் காலமானார்.

அந்தத் திருவிழாவில் ஒரு நடைமுறை உண்டு. வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள். காசு வேண்டாம். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். இது மொய் விருந்துங்க! வந்தவன் வைத்துவிட்டுப் போவான், அவன் வீட்டு விசேஷத்தில் கூடுதலாகத் திருப்பி வைக்க வேண்டும். எழுத்தில் இருக்கிறதோ இல்லையோ, மொய்யைத் திருப்பாதவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. விதை வங்கி என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வே நாட்டு ஸ்வால்பார்டில், 2008-இல் மலையைக் குடைந்து விதைப் பெட்டகம் திறந்தார்கள். அதுவும் வேண்டும்தான். அங்கே விதை குளிரில் தூங்குகிறது. ஆதிரெங்கத்து விதையோ வருஷா வருஷம் சேற்றில் இறங்கி, வெயிலையும் வெள்ளத்தையும் பார்த்துப் பழகி, வீடு மாறி வீடு போகிறது. பெண் கொடுத்து, பெண் எடுத்து உறவு வளர்கிற மாதிரி.

இப்போது மாணவர்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும். "எல்லாம் சரி சார், இயற்கை விவசாயத்தை வைத்து நாட்டுக்கே சோறு போட முடியுமா?" நியாயமான கேள்வி. தஞ்சாவூர்க்காரன் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1960-இல் மத்திய அரசு தீவிர விவசாயத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நம் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 வந்தது, பின்னால் ஐ.ஆர். 8 வந்தது. அமெரிக்கக் கப்பல் கோதுமையை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலம். அந்த நேரத்தில் விளைச்சலைக் கூட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் இன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கேள்வி கேட்பதற்கு அவர்களும் ஒரு காரணம். அந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லவும் நான் இங்கே நிற்கவில்லை.

ஆனால் நம் அண்டை வீட்டில் நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். 2021-இல் இலங்கை அரசாங்கம் ரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்றார்கள். விவசாயிகளுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் இல்லை, மாற்று எரு போதிய அளவில் இல்லை. ஆறேழு மாதத்தில், அந்த வருஷம் நவம்பரிலேயே, தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. அதைக் காட்டி "பார்த்தீர்களா, நம்மாழ்வார் சொன்னது நடக்காது" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. நம்மாழ்வார் ஒரு நாளும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. உத்தரவு போடும் நாற்காலியை 1969-இலேயே விட்டு எழுந்து வந்தவர் அவர். வீடு வீடாக, வயல் வயலாகப் போனார். ஒரு மூலையில் செய்து பார், பிடித்தால் அடுத்த போகத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள் என்ற வழி அவருடையது. மண் மாறுவதற்கு எத்தனை வருஷம் வேண்டுமோ அத்தனை வருஷம் அவர் காத்திருக்கத் தயாராக இருந்தார். அதே விஷயத்தை ஆணையாகச் சொன்னால் ஒரு விளைவு, உறவாகச் சொன்னால் வேறு விளைவு.

கடைசிப் போராட்டத்துக்கு வருகிறேன். இது என்ஜினீயர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மன்னார்குடிப் பகுதியை மையமாக வைத்து, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் சுமார் 690 சதுர கிலோமீட்டரில், நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-இல் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. நிலக்கரி அடுக்கில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலேயுள்ள தண்ணீரின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டால் அழுத்தம் குறையும், வாயு மேலே வரும். தத்துவம் எளிது. ஆனால் அது நடக்கிற இடம் எது? ஒரு பக்கம் ஆற்றுப் பாசனம், இன்னொரு பக்கம் கடல். நிலத்தடி நீரை வருஷக்கணக்கில் இறைத்தால் போர் வற்றும், அந்தக் காலி இடத்துக்குக் கடல் நீர் உள்ளே வரும் என்ற பயம் விவசாயிகளுக்கு இருந்தது. இறைத்த உப்புத் தண்ணீரை எந்த வாய்க்காலில் விடுவது என்ற கேள்வியும் இருந்தது.

75 வயதில் நம்மாழ்வார் இதைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். உடம்பு முடியாத காலம். 2013 டிசம்பர் 30-ஆம் தேதி, பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டிப் பக்கத்தில், பிரச்சாரத்துக்காக வந்து தங்கியிருந்த நண்பர் வீட்டில் காலமானார். சொந்த வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை. ஊருக்கெல்லாம் உறவுக்காரராக வாழ்ந்தவர், உறவுக்காரர் வீட்டில் கண்ணை மூடினார். கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்தில், 2009-இல் வறண்ட பூமியில் அவர் தொடங்கிய 'வானகம்' பண்ணையில் அடக்கம் செய்தார்கள். அவர் மேல் நட்டது மரக்கன்று.

மீத்தேன் திட்டத்தை 2013-இலேயே தமிழக அரசு நிறுத்தி வைத்து, ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைத்திருந்தது. 2015-இல் அனுமதி கிடையாது என்று முடிவாகச் சொன்னது. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுக்கும் திட்டங்களுக்கு அந்த மண்டலத்தில் இடமில்லை. பல அமைப்புகள், பல கட்சிகள், ஆயிரக்கணக்கான விவசாயிகள் போராடிப் பெற்றது அது. ஒருவர் கணக்கில் மட்டும் எழுத முடியாது. அவர் இருந்திருந்தால் அவரே அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை. மூன்றும் எங்கே இருக்கின்றன? கடைமடையில். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, கடைசியாகப் போய்ச் சேர்கிற இடங்கள். சில வருஷம் போய்ச் சேராமலே நின்றுவிடுகிற இடங்கள். தலைமடைக்காரனுக்குத் தண்ணீரும் முதலில், உரமும் முதலில், அதிகாரியும் முதலில். கடைமடைக்கு எது போய்ச் சேர வேண்டும் என்றாலும் யாராவது ஒருவர் கூடவே நடந்து போக வேண்டும். நடுவில் அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரையை அப்புறப்படுத்த வேண்டும். மடைக்காரரோடு சண்டை போட வேண்டும், சமாதானம் பேச வேண்டும். அறிவுக்கும் அதே கதிதான். ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவிட்ட அறிவு கடைமடைக்குப் போகிற வாய்க்காலின் பெயர் பாசம். அந்த வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டே இருந்தார் நம்மாழ்வார். காந்திகிராமப் பல்கலைக்கழகம் 2007-இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அவர் கடைசிவரை 'அய்யா' மட்டும்தான்.

கடைசியாக இரண்டு வார்த்தை. பழைய மாணவ நண்பர்களுக்கு முதலில். நம்மில் பாதிப்பேர் சென்னை, பெங்களூர், துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறோம். ஊரில் இரண்டு மா நிலமோ, ஒரு வேலி நிலமோ குத்தகைக்கு விட்டிருப்போம். வருஷம் ஒரு முறை வந்து குத்தகைப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறோம். மனை போட்டு விற்றால் என்ன கிடைக்கும் என்றும் விசாரித்து வைத்திருக்கிறோம். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம், உங்கள் கஷ்டம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை வரும்போது குத்தகைக்காரரோடு ஒரு மணி நேரம் வரப்பில் நடந்து வாருங்கள். என்ன நெல் போட்டிருக்கிறார், எந்த மடையில் தண்ணீர் எடுக்கிறார், அவர் பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேளுங்கள். காசை எண்ணுவது அப்புறம் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு: இறுதியாண்டில் புராஜெக்ட் என்று கிராமத்துக்குப் போவீர்கள். ஈரப்பதம் அளக்கும் கருவி, டிரோன், செயலி என்று எடுத்துக்கொண்டு போவீர்கள். எடுத்துப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் மட்டும் அதையெல்லாம் பைக்குள்ளேயே வைத்திருங்கள். அந்த ஊரில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல் யாருடையது என்று விசாரித்து, அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். கொடுக்கிற மோரையோ தண்ணீரையோ வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள். அவர் "எந்த ஊரு தம்பி? யாரு வீட்டுப் புள்ளை?" என்று கேட்பார். பதில் சொல்லுங்கள். நீங்கள் அளக்க வேண்டியது என்ன என்பது அந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

பந்தி போட்டாச்சு என்று வாசலிலிருந்து சைகை வருகிறது. இன்றைக்கு இலையில் விழுகிற சோறு எந்தக் கடைமடையில் விளைந்ததோ, அந்த வயலுக்கும், அதில் உழைத்தவருக்கும், அவர்களுக்கெல்லாம் சொந்தக்காரராக வாழ்ந்து போன அந்தப் பெரியவருக்கும் நம் வணக்கத்தைச் சொல்லி விடைபெறுகிறேன்.